வலக்கைக்கு மட்டும்

போன மார்கழியில்
இன்னொரு சீசன் உண்டு என்று சேதி வந்தபோது
இரவு வேலைக்கு நாற்பது மட்டன் ரோல்ஸ்
வாங்கிக்கொண்டு போனேன்.
யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்கள்.
ரூத்துக்கு, என்றேன்.
மரிசெல் மட்டும் கத்தினாள்.
யாருடைய விரலோ பட்டியில் சிக்கிவிட்டதென்று
மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

ரூத் யாரென்று கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன்:
வட ஒன்ராறியோவில் பனி வழிக்கிற லொறி ஓட்டுகிறவள்.
வாயைத் திறந்தால் டீசல் விலை.
விட்டுப்போன புருஷனைப் பற்றி மூன்று சீசனில்
ஒரேயொரு சொல் சொன்னாள்.
அந்தச் சொல்லை நாங்கள்
மூன்று கிழமை கதைத்தோம்.

இந்த மார்கழிக்கும் ரோல்ஸ் சொல்லிவைத்திருந்தேன்.
செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்தே காலுக்கு
இரண்டு வரி:
உங்கள் அன்புக்கு நன்றி,
தொடர் இத்துடன் நிறைவடைகிறது.

நிறைவாம்.
லொறிக் கதவு திறந்து கிடக்கிறது,
என்ஜின் ஓடுகிறது,
இருட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட
இறங்கி நடந்தாள்,
வலக்கையுறை பனியில் விழுந்தது,
குனியவில்லை,
திரை கறுத்தது.
இதற்குப் பெயர் நிறைவென்றால்
சோறு போட்டு, குழம்பு வரமுன்
எழுப்பிவிட்ட பந்திக்கு என்ன பெயர்?

மரிசெல் பத்து நிமிஷம் கழிவறையில்.
டெரிக், கயானாக்காரர்,
தனக்கு அப்போதே தெரியும் என்றார்,
நல்லது எதை இவர்கள் விட்டுவைத்தார்கள் என்றார்,
பிறகு சாப்பாட்டுப் பெட்டியைத்
திறக்காமலே மூடினார்.
வீட்டில் என் மகன்:
"அம்மா, அது நாடகம்."
தெரியும் ராசா.
உன் ஹொக்கி அணி தோற்ற இரவு
அது வெறும் ரப்பர் வட்டு என்று
நான் சொன்னேனா?

கடைக்கு அழைத்து ரோல்ஸ் வேண்டாமென்றேன்.
ஏன் அக்கா, விசேஷம் நின்றுபோச்சோ?
ஓம். நின்றுபோச்சு.

முதலாவது கையுறை தண்டர் பேயிலிருந்து வந்தது.
பிறகு ரெஜைனா, ஹலிஃபக்ஸ்,
வரைபடத்தில் தேடவேண்டிய ஊர்கள்.
மெத்தென்ற உறைகள்,
எல்லாம் ஒரே விலாசத்துக்கு,
தொலைக்காட்சி நிலையத்தின் ஆறாம் மாடிக்கு.
இயந்திரத்துக்குத் தொண்டையில் இறங்கவில்லை.
கையால் பிரிக்க எங்களிடம் தள்ளினார்கள்.
ஒன்று வழியில் கிழிந்திருந்தது:
சிவப்புக் கம்பளி, குழந்தைக் கையளவு,
ஊக்கு குத்திய துண்டில்
'அவளுக்குக் குளிரும்.'

எல்லாம் வலக்கை.
இந்த நாட்டுக்கு என்ன விசர் பிடித்தது
என்றார் மேற்பார்வையாளர்.
நாங்கள் மூன்று பேரும்
பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வியாழன் விடியப்புறம் மூன்று மணிக்கு
என் கையெழுத்து என்னை நோக்கி வந்தது.
ஒருவருக்கும் தெரியக்கூடாதென்று
மார்க்கம் வரை பஸ் ஏறிப்போய்ப் போட்டது.
இடுப்பில் கோடு இழுத்த என் ஏழு.
ஒரு விநாடி பிடித்திருந்தேன்.
நாற்பத்தொன்பது வயது,
தலைக்கு மேல் வீட்டுக்கடன்,
முப்பது டொலர்ச் சோடியில் பாதி.
டெரிக் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் தன் பக்கத்திலிருந்து
ஓர் உறையை என் முன்னால் நகர்த்தினார்.
அந்தக் கோழிக்கிறுக்கல் எனக்குத் தெரியும்,
ஒவ்வொரு இரவும் வரவுத் தாளில் காண்கிறேன்.
இரண்டையும் ஒன்றாகத் தொட்டிக்குள் போட்டேன்.

தை முடிவில் நிலையம் பதில் சொன்னது:
கையுறைகளைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டோம்.
நாலாயிரம் வலக்கைகளை வைத்து
அவர்கள் என்ன செய்வார்கள் என்று சொல்லவில்லை.
ரூத்தைப் பற்றியும்.

நேற்று எக்லிங்டன் பஸ் தரிப்பில்
மைனஸ் பதினெட்டில் ஒரு மனிதர்.
இடக்கையில் கறுப்புத் தோலுறை,
வலக்கை வெறும் விரல்கள், சிவந்து.
தொலைத்தவராகவும் இருக்கலாம்.
என் வலக்கையைப் பையிலிருந்து எடுத்து
அவர் கண்ணில் படும்படி
கம்பியைப் பிடித்தேன். இரும்பு சுட்டது.
பஸ் வருகிற திசையைப் பார்த்தார்,
பிறகு என் கையை,
பிறகு, மெல்ல,
"கூப்பிட்டது யாரென்று நினைக்கிறீர்கள்?"