ரம்பத்தின் பங்கு

மஹோன் பேயில் மார்ச் மாதம்.
கடலிலிருந்து ஏறிய பனிமூட்டம்
பட்டறைக் கதவுவரை வந்து நிற்கிறது.
ஈரத்தில் மரம் அகலத்தில்தான் ஊதும்,
நீளத்தில் அசையாது.
நாளைத் தள்ளிப்போட எனக்குச் சாக்கு இல்லை.

ஓரன் ஸ்விக்கர் ஒரு முனையைப் பிடித்திருக்கிறான்,
அவன் அக்கா வெர்னா மறுமுனையை.
நடுவில் கறுப்பு வால்நட் பலகை.
அவர்கள் அப்பா ஒண்டாரியோவிலிருந்து
மீன் லாரியில் கொண்டுவந்து
பத்தொன்பது வருஷம் கட்டிலடியில் போட்டு வைத்தது.
உயிலில் அதற்கு ஒரே சொல்: சரிபாதி.

சரிபாதி என்று எழுதுகிறவர்கள்
பெரும்பாலும் ரம்பம் பிடிப்பதில்லை.

என் டேப்பில் எழுபத்தோரு அங்குலம், காலே அரைக்கால்.
ஹாலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில் மருந்து அளப்பவள் வெர்னா;
தன் டேப்பை விரித்தாள்.
ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்று மில்லிமீட்டர்,
ஒரு மயிரிழை குறைய.
அந்த மயிரிழை யாருடையது என்று
ஓரன் அப்போதே கேட்டிருப்பான்,
நான் நோட்டைத் திறந்துவிட்டேன்.

பாதி: முப்பத்தைந்து, அரையே அரைக்காலே வீசம்.
எழுதி அடிக்கோடும் போட்டேன்.
பிறகு, சொல்லாமல் விட்டிருக்கலாம், சொன்னேன்:
பல்லுக்குத் தடிமன் உண்டு, அரைக்கால் அங்குலம்.
அது தின்றது போகத்தான் உங்களுக்கு.

அது யார் கணக்கில்? என்றான்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் அறுத்தால் வெர்னாவுக்கு நஷ்டம்,
அந்தப் பக்கம் அறுத்தால் அவனுக்கு,
நட்டநடுவில் அறுத்தால் ஆளுக்கு ஒரு வீசம்.
வீசம் என்றால் எவ்வளவு? காட்டு, என்றாள்.
கால் டாலர் காசு ஒன்றை மேஜையில் நிமிர்த்தி
இதன் தடிமன், என்றேன்.
இருவரும் குனிந்து பார்த்தார்கள்.
ஒரு வீசம்.
அதன் வழியாகத்தான் எல்லாம் வெளியே வந்தது:
அம்மாவை டயாலிசிஸுக்கு ஓட்டிப் போனது யார்,
படகு எஞ்சினை விற்ற பணம்,
எண்பத்தாறில் ஒரு சைக்கிள்.

நான் கத்தியால் கோடு கீறினேன்.
பென்சில் கோட்டுக்கும் தடிமன் உண்டு,
அதற்கும் ஒரு வழக்கு வேண்டாம்.

ரம்பம் ஓடி நின்றது.
பழுப்புத் தூள், கசப்பு வாசனை.
மற்ற நாளில் ஓரன் என் தூளைச் சாக்கில் அள்ளுவான்
குதிரைக்குப் படுக்கை போட.
இதை எடுக்கவில்லை.
வால்நட் தூள் மிதித்தால் குதிரைக்குக் குளம்பு வீங்கும்.

முப்பத்தைந்து, அரையே அரைக்கால்.
முப்பத்தைந்து, அரையே அரைக்கால்.
இரண்டையும் ஒட்டி நிறுத்தினேன்.
வெர்னா கண்ணை மூடி
விளிம்பில் விரலை ஓட்டினாள், திரும்பவும் ஓட்டினாள்.
எதுவும் தட்டவில்லை.
கூலியைப் பிரித்ததில் ஒற்றைச் சென்ட் இடித்தது;
இந்த நாட்டில் சென்ட் காசு ஒழிந்து வருஷமாகிறது, நல்லவேளை.
ஆளுக்கொரு வண்டி. ஒன்று வடக்கே, ஒன்று துறைமுகப் பக்கம்.

செவ்வாய்க்கிழமை ஓரன் தனியாக வந்தான்,
கக்கத்தில் பலகை.
அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே இடம்
முப்பத்தைந்தரைதான்.
போகமாட்டேன் என்கிறது. அரைக்கால் எடுத்துவிடு.

அன்றைய காசு இன்னும் மேஜையில் கிடந்தது.
அவன் அதைப் பார்க்காத மாதிரி பார்த்தான்.
நான் எதுவும் சொல்லவில்லை.

அறுத்த துண்டைக் கொடு, என்றான்,
அதையாவது வைத்துக்கொள்கிறேன்.

அரைக்கால் எடுக்க அரைக்கால் பல்.
துண்டு என்று எதுவும் விழாது, என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றான்.
பல் சுழலத் தொடங்கியதும்
தூள் விழும் இடத்தில் கையேந்தப் போனான்.
தோளைப் பிடித்து இழுத்தேன்.

பலகையைத் தூக்கிக்கொண்டு
வாசல்வரை போய்த் திரும்பினான்.
வெர்னாவிடம் சொல்லிவிடாதே.