இரண்டேகால் அடி

வள்ளத்தை மணலுக்கு ஏற்றி நாலு நாள்.
ஆனிக் காற்று அடங்குகிற மாதிரி இல்லை.
கூத்தங்குழிக் கரை முழுக்க
விலா ஒட்டிப் படுத்திருக்கின்றன போட்டுகள்.

அமரத்தில் இருக்கிற தட்டு மூன்றரை அடி.
இன்னும் இரண்டேகால் சேர்க்கணும் என்றேன்.
தொபியாஸ் டேப்பைச் சுருட்டிவிட்டு என்னைப் பார்த்தான்.
யார் கணக்கு இது?

என் கணக்கு.
போன ஞாயிறு பூசை முடிந்து
இவர் பாயில் கிடந்தபோது
தங்கூசி நூலைக் குதிகாலில் வைத்து
உச்சந்தலைவரை இழுத்தேன்.
பதினெட்டு வருசம் மூன்றரை அடிக்குள் உறங்கின கால்
வீட்டிலும் நீளாது.
முழங்காலில் ஒரு மடக்கு, இடுப்பில் ஒரு மடக்கு,
எல்லாம் சேர்த்து நூலை நீட்டினால்
ஐந்தடி எட்டரை அங்குலம்.
முடிச்சுப் போடப் போகையில்தான் கை நின்றது.
உறங்குகிற ஆளை இப்படி அளப்பது
வேறொரு பலகைக்கு.
நூலைச் சுருட்டி அடுப்பில் போட்டேன்.
எண்ணை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பங்காளி இசிதோர் கேட்டது நியாயம்:
வலை எங்கே போகும்?
இரண்டேகால் அடி என்றால் ஆறு துண்டு வலை,
ஆறு துண்டில் ஒருநாள் விளமீன் ஏறினால்
உன் மகளுக்கு ஒரு வருசப் பீஸ்.
தட்டுக்கு அடியில் திணிக்கலாம் என்றான் தொபியாஸ்.
அவசரத்துக்கு உன் மாமனா வந்து உருவுவான்?
இவர் வாயே திறக்கவில்லை.
பீடியைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டு நின்றார்.
கணவாய்த் தூண்டில் போட
நின்றுகொள்ள இடம் என்றுதான்
இவரிடம் சொல்லியிருந்தேன்.

என் கம்மல்தான் பிளைவுட்,
அயனிச் சட்டம் மூன்று, துருப்பிடிக்காத போல்ட்.
வள்ளியூரிலிருந்து லோடு ஆட்டோ வாடகை தனி.
ரெசினில் கோபால்ட் விட்டதும் நிறம் மாறியது.
மேட்டை விரித்து பிரஷ்ஷால் குத்திக் குத்தி
குமிழை எல்லாம் வெளியேற்றி நிமிர்ந்தான் தொபியாஸ்.
அந்த நேரம் பார்த்துத் தேரிப் பக்கமிருந்து ஒரு வீச்சு.
செம்மண் ஈரத்தில் ஒட்டி அப்படியே இறுகிவிட்டது.
தேய்த்துப் பார்த்தான்.
கிடக்கட்டும், கால் வழுக்காது என்றான்.
பிடித்துக்கொடுத்த என் முழங்கை
மூன்று நாள் அரித்தது.

தண்ணீரில் தள்ளினோம்.
அமரம் நாலு விரல் அமுங்கி
அணியம் வானத்தைப் பார்த்தது.
போட்டும் குந்திக்கிட்டே போகுதுலே
என்று சிரித்தான் இசிதோர்.
ஐஸ் பெட்டியை முன்னால் தள்ளி
இரண்டு மூட்டை மணலும் வைத்த பிறகு
ஒருவழியாக நிமிர்ந்தது.

அன்று ராத்திரி
காற்றாடிகளின் சிவப்பு விளக்குகள்
அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்துக் கிடந்தேன்.
நான் கூட அன்று காலை நீட்டித்தான் படுத்தேன்.

விடிந்து வந்தார்.
அரைக்கூடைச் சாளை, வேறொன்றுமில்லை.
தட்டு எப்படி?
நல்ல சௌகரியம் என்றார்.
இசிதோர் நீட்டி நிமிர்ந்து உறங்கினான், குறட்டை வேற.
நீங்க?
மோட்டார்ப் பக்கம் யாராவது குந்தியிருக்கணும்லா.

சொல்லிவிட்டுப் பாயில் சாய்ந்தார்.
முழங்கால் தானாக வயிற்றுக்கு ஏறியது.

இசிதோர் ஐந்தடி இரண்டு.
மிச்சம் ஏழு அங்குலத்தில் என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன்.
கண்ணைத் திறக்காமலே சொன்னார்:
சோத்துத் தூக்கு.