வெற்று மாதிரி

அவலாஞ்சியிலிருந்து வந்த பை இரண்டு கிலோ.
அதில் பாதி தண்ணீர்.
மீதி, மண்ணாகிவிடலாமா என்று
இன்னும் முடிவெடுக்காத இலைகள்.
உலர்த்த ஒன்பது நாள் பிடித்தது.
ஊட்டியில் டிசம்பர்;
சொன்ன தேதிக்கு எதுவும் காயாது.

சலித்து, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து
இரவெல்லாம் ஷேக்கரில் ஆட்டினேன்.
காலையில் சென்ட்ரிஃபியூஜ் சுற்றி நின்றபோது
குழாயின் அடியில் ஒரு பிடி ஒதுங்கியிருந்தது.
எதற்கும் கரையாது அது. ஹியூமின்.
அதை விட்டுவிட்டு மேலிருந்த கருப்பை வடித்து
சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டேன்.
பி.எச். இரண்டைத் தாண்டி இறங்கியதும்
பால் திரிவதுபோலத் திரிந்தது கருப்பு.
உட்கார்ந்தது ஹியூமிக்.
உட்காராமல் நின்றது ஃபுல்விக்,
பால் விடாத டீயின் நிறத்தில்.

பக்கத்தில் வெற்று மாதிரி:
மண் போடாத புட்டி.
அதே காரம், அதே அமிலம், அதே இரவு.
பூஜ்யம் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை.

0.031 காட்டியது.

கண்ணுக்கு வெறும் தண்ணீர்.
திரும்ப வைத்தேன். 0.031.
குவெட்டைத் துடைத்தேன். கருவியைச் சூடேற்றினேன்.
சோடாவின் புதுப் புட்டி உடைத்தேன்.
பீக்கரையெல்லாம் குரோமிக் அமிலத்தில் போட்டேன்.
என் நகக்கண்ணைக்கூடச் சந்தேகப்பட்டேன்.
மூன்று நாள்
ஒன்றுமில்லாததற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் எப்சிபா வந்து நின்றாள்.
"திட்டாதீங்க மேடம்.
வாலை வடிநீர் மெஷின்ல காயில் போயிடுச்சு,
போன சனிக்கிழமையே.
குழாயில பிடிச்சு வச்சேன்.
சுத்தமாத்தான் இருந்துச்சு."

சுத்தமாகத்தான் இருந்தது.
மேற்கே புல்வெளியில் விழுந்த மழை
சதுப்புக்குள் இறங்கி,
எத்தனை வருஷத்து இலையையோ தொட்டுவிட்டு
அணைக்கு வந்து, ஊருக்கு வந்து,
எங்கள் குழாய்க்கும் வந்திருக்கிறது.
குளோரின் போட்டவர்களுக்கும் தெரியவில்லை.
நான் பையை அவிழ்க்குமுன்பே
மாதிரி என் மேசையில் இருந்திருக்கிறது.

பதினான்கு அளவீடுகளையும்
ஒரே கோட்டில் அடித்தேன். ரத்து.
கையெழுத்து, தேதி.
போஜராஜைப் போனில் கூப்பிட்டேன்:
மறுபடியும் ஆகர் எடுத்துக்கொண்டு மேலே போகணும்.

"இந்தப் பனியிலயா?
மண்ணு கெட்டுப்போச்சா?"

இல்லை. தண்ணீர்.

"தண்ணி கெட்டுப்போச்சா?"

இல்லை, அதுவும் இல்லை.

அவர் ஏதோ முணுமுணுத்து வைத்துவிட்டார்.
எதிரே என் டம்ளர்.
காலையில் குழாயில் பிடித்தது,
பாதி குடித்திருந்தேன்.