டக்

ஜாவாவுக்குக் கை கிடையாது என்றாள் ஸ்டெய்னுன்.
எண்ணத் தெரியும், நினைவில் வைக்கத் தெரியும்,
மேசைக் கணினியின் முதுகிலிருக்கும் துளையை மட்டும்
அதனால் தொட முடியாது.
அதற்காகத்தான் சி-யில் ஒரு நூலகம்.
புத்தகமில்லாத நூலகம்.
நாற்பது வரி, மூன்று இரவு.

க்வெராகெர்தியில் டிசம்பர். பதினொரு மணிக்கு விடிந்து
மூன்றரைக்கு இருட்டிவிடும்.
மண்ணுக்கடியில் வெந்நீர் கொள்ளை கொள்ளையாக;
அதைத் திறந்து மூடும் பழைய பெட்டிதான்
ஈரத்தில் செத்துப்போனது.
கண்ணாடிக் கூடத்துக்குள் தக்காளிகள்
ஆரஞ்சு விளக்கை வெயிலென்று நம்பிக்கொண்டிருந்தன.
நான் கம்பி இழுப்பவன். ரிலேப் பலகையை மாட்டிவிட்டு
உப்பு மிட்டாய் மென்றபடி காத்திருந்தேன்.

நூலகம் கிடைக்கவில்லை என்றது திரை.
பாதையைத் திருத்தினாள்.
கிடைத்தது, ஆனால் முப்பத்திரண்டு பிட்.
மறுபடி தொகுத்தாள்.
இப்போது செயற்கூறைக் காணோமாம்.
முழநீளப் பெயரை விரல் வைத்துப் படித்தோம்,
நடுவில் ஓர் அடிக்கோடு குறைந்திருந்தது.
அவள் ஒரு வார்த்தை சொன்னாள்.
அதை எழுத மாட்டேன்.

பிறகு,
டக்.

நகம் வெட்டுகிற அளவுக்குச் சத்தம்.
இத்தனை நாளும் திரைக்குள்ளேயே கிடந்த ஒன்று
வெளியே வந்து இரும்பைத் தொட்டது.
கைகுலுக்கிக்கொண்டோம்.

குழாய் குளிர்ந்துகொண்டே போனது.
ஒன்று என்றால் மூடுகிறது, பூஜ்யம் என்றால் திறக்கிறது.
பலகையில் கம்பியை மாற்றிக் கட்டியவன் நான்.

சொல்லிவிடலாமா என்று
மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து
அந்தக் கன்னத்துக்குத் தள்ளினேன்.
அதற்குள் அவள் நூலகத்தை மறுபடி திறந்து
தன் பிழையைத்
தேடத் தொடங்கியிருந்தாள்.