முத்திரையிடாத கல்

கோத்தகிரி சாலையில் மண் சரிந்து
கடைசிப் பேருந்து கட்டபெட்டிலேயே நின்றுவிட்டது.
நடத்துனர்தான் மேட்டைக் காட்டினார்:
விகாரையில் அறை கிடைக்கும்,
பேசாமல் இருக்க முடியுமென்றால்.

ஏறினேன். கையில் பெட்டி, பதினோரு கிலோ.
தேயிலைத் தொழிற்சாலைத் தராசுகளைச் சோதிக்கும்
பித்தளை எடைக்கற்கள், ஒவ்வொன்றும்
தன் வெல்வெட் குழியில்.
பதிவேட்டில் எழுதினேன்:
தொழில், எடையளவு ஆய்வாளர்.
வந்த நோக்கம், மழை.

ஒரு பாய், இரண்டு கம்பளி, ஒரு ஆணி.
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்,
இருமியதற்கு வருந்துவதுபோல் அடங்கினார்.
கதவிடுக்கில் மேகம் நுழைந்து
புடவையின் ஈரத்தை இன்னும் ஈரமாக்கியது.

சாப்பாட்டுக் கூடத்திலும் பேச்சில்லை.
ரசத்தில் உப்பு குறைவு என்பதை
எனக்குள்ளேயே மூன்று முறை சொல்லிக்கொண்டேன்.

விடிய நாலுக்கு மணி அடித்தது.
எல்லாக் காலடிகளும் தியான மண்டபத்துக்கு இறங்கின.
நான் வெளிச்சம் தெரிந்த பக்கம் போனேன்:
சமையலறை.

போஜன் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார், கைத்தராசில்.
ஒரு தட்டில் அரிசி. மறு தட்டில் ஓடைக்கல்,
சாம்பல் நிறம், நடுவில் வெள்ளைக் கோடு.
"அரைக் கிலோ," என்றார்.
யார் சொன்னது?
"முன்னாடி இருந்த சமையல்காரர்."
அவருக்கு யார் சொன்னது?
போஜன் அரிசியைப் பானையில் கொட்டினார்.

விற்பனை இல்லாத இடத்தில் என் சட்டம் செல்லாது.
கை கேட்கவில்லை. பெட்டியைத் திறந்தேன்.
ஐந்நூறு வைத்தேன். கல் கீழேயே கிடந்தது.
ஒரு இருபது. அசைவில்லை.
இன்னொரு இருபது.
முள் நடுங்கி நடுங்கி
நடுவில் நின்றது.

நாற்பது கிராம் கூடுதல்.
படிவத்தில் கூடுதலுக்கு ஒரு கட்டம் உண்டு.
பதினேழு வருடமாக அதில்
கோடுதான் கிழித்து வருகிறேன்.
குறைவு என்ற கட்டம்தான் எப்போதும் நிரம்பும்,
பச்சை இலை மூட்டைக்கு எதிரே
ஈரத்துக்கென்று கழித்த கிலோக்கள்,
தராசுக்கடியில் ஒட்டிய காந்தம்.

போஜன் விரல்விட்டு எண்ணினார்.
"நாலு தடவை நிறுக்கிறேன்.
அப்ப தினமும் ஒரு ஆள் சோறு கூட விழுது."
கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தார்.
"சரியாத்தான் இருக்கு. நேத்து நீங்க."

புறப்படும்போது பதிவேட்டில்
கருத்து என்று ஒரு கட்டம்.
உப்பு குறைவு என்று எழுதினேன்.
கல்லைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

கீழே ஜேசிபி
மண்ணை அள்ளி அள்ளிப் பள்ளத்தில் போட்டுக்கொண்டிருந்தது,
எடை போடாமல்.