எழுபதரை

எழுபது போதாது என்று
வசந்தத்தில் திருப்பி அனுப்பியிருந்தேன்.
சட்டம் அரை வயதையும் எண்ணும்.
ஆறு வயதுக்குப் பிறகு
அந்த அரையை யாரும் தன்னிடம் கேட்டதில்லை
என்று சிரித்துவிட்டுப் போனாள்
ஆர்டிஸ் டோலெஃப்சன்.

டிசம்பர் ஒன்பது, அரை முடிந்த அன்றே வந்தாள்.
டுலூத்தில் ஏரிக்காற்று
என் வரி அலுவலகக் கதவை
அவளுக்கு முன்பே தள்ளித் திறந்தது.

இரும்புத்தாதுத் துறைமுகத்தில்
இருபத்தெட்டு வருடம் எடைச்சீட்டு எழுதியவள்.
வண்டியைக் கழித்துத்தான் சரக்கைச் சொல்வாள்.
"ஓய்வுக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தால்
எவ்வளவு கழியும்?"
"ஐந்தில் ஒரு பங்கு போல."
"எடுக்காமலே கொடுத்தால்?"

பணம் உங்கள் கணக்கில் இறங்கக்கூடாது.
ஓர் இரவு தங்கினாலும் அது வருமானம்.
காசோலை உங்கள் வீட்டுக்கு வரலாம்,
பெயர் அவர்களுடையது.
நீங்கள் வெறும் தபால்காரி.
வலது கை தருவது
இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள்;
இங்கே வலது கைக்கும் தெரியக்கூடாது.

நாலாயிரத்து இருநூறு டாலர்.
சிறுநீரக நோயாளிகளை
வாரம் மூன்று நாள் ஏற்றிப்போகும்
இலவச வேனுக்குப் புது கியர்பெட்டி.
அதன் இரண்டாவது இருக்கையில்
வெண்டல் நான்கு குளிர்காலம் போனான்.
இதைச் சொல்லும்போது
கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டினாள்.

நன்றி விருந்துக்குச் சீட்டு வந்தது.
வெள்ளிக்கிழமை, பொரித்த மீன்.
"வேண்டாம்" என்றேன்.
"ஒரு தட்டு மீன் தின்றால்
நாலாயிரத்து இருநூறும் வரிக்குள் விழும்.
பதிலுக்கு எதுவும் வாங்கக்கூடாது."
"மீன் எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள்,
சீட்டை நாலாய் மடித்து.

காசோலையை அவளே கொண்டுபோன அன்று பனி.
ஓட்டுநர் ரெய்னோ வேன் கதவைத் திறந்து
வீட்டில் விடுகிறேன், ஏறுங்கள் என்றானாம்.
அங்கிருந்தே எனக்கு போன்:
சவாரி கணக்கில் வருமா?

புத்தகத்தைப் புரட்டினேன்.
விருந்து இருந்தது, ஏலம் இருந்தது,
கோல்ஃப் மைதானம் கூட இருந்தது.
பனியில் ஒருத்தியை வீட்டில் விடுவது
எந்தப் பக்கத்திலும் இல்லை.
"ஏறிக்கொள்ளுங்கள், ஆர்டிஸ்."
மறுமுனையில்
பனியை நொறுக்கிக்கொண்டு போகும் பூட்ஸ் சத்தம்.
பதினோரு தெரு. எல்லாம் மேடு.

பிப்ரவரியில் வந்த படிவத்தில்
எடுத்த தொகை மட்டும் இருந்தது.
கொடுத்தது அதற்குத் தெரியாது.
வரிக்குரியது என்ற கட்டத்தில்
பூஜ்ஜியம் போட்டேன்,
இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஜன்னலுக்கு வெளியே
அந்த வேன் மேடேறியது.
கியர் மாறியது
கேட்கவேயில்லை.