ஓர் ஈரலார்

ஜீப் பாட்டரியில் ஓடுகிறது சுழலி.
எட்டுக் குழாய், எட்டுப் பேர் ரத்தம்.
மேலே தேன்நிறமாய்த் தெளிவது தலைநகருக்கு.
அடியில் கறுத்துத் தங்குவதை யாரும் கேட்கவில்லை.
பூரெவ்தோர்ஜ் என்ஜினை நிறுத்தாமல் சிகரெட் பிடிக்கிறான்.
நிறுத்தினால் மறுபடி கிளம்பாது.
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.

படிவம் கேட்பவை:
வயது. பாலினம். தொழில்:
மேய்ப்பர், சுரங்கம், லாரி, அரசு வேலை, இதர.
பச்சை குத்தியதுண்டா. பல் பிடுங்கியதுண்டா.
சிறையில் இருந்ததுண்டா,
இதை மட்டும் குரல் தாழ்த்திக் கேட்கச் சொன்னார்கள்.
தாழ்த்தினால்தான்
கூடாரம் முழுக்கக் காதாகிவிடுகிறது.

"ஆடென்றால் அறுத்ததும் தெரியும்"
என்றார் கம்பளிக் கையைச் சுருட்டிக்கொண்டே ஒருவர்.
"ஈரலில் புள்ளி இருந்தால் நாய்க்கும் போடமாட்டோம்.
என்னை அறுக்காமல் எப்படிப் பார்ப்பாய்?"
ஒரு சொட்டு போதும் என்றேன்.
இரண்டு பட்டைகள், பி-க்கு ஒன்று, சி-க்கு ஒன்று.
ஒரு கோடு வந்தால் ஒன்றுமில்லை.
"இரண்டு வந்தால்?"
டீ குடியுங்கள், பதினைந்து நிமிடம் ஆகும் என்றேன்.
உப்பு போட்ட பால் டீ.
அவர் கோப்பையைப் பார்க்கவில்லை, பட்டையைப் பார்த்தார்.
வந்தது.
சி-க்கு மாத்திரை இருக்கிறது, பன்னிரண்டு வாரம் என்றேன்.
"பன்னிரண்டு வாரத்தில் குட்டி போடும் காலம் வந்துவிடுமே"
என்றார், அதுதான் சங்கடம் என்பதுபோல.

எங்கள் பேச்சில் சொந்தபந்தத்துக்கு
ஓர் ஈரலார் என்று பெயர்.
கல்யாணத்தில் சொல்வோம், சண்டையில் சொல்வோம்.
இப்போது படிவத்தோடு சுற்றுகையில்
அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன்.

இரவில் நோட்டில் கட்டம் போடுகிறேன்.
பி-யின் பக்கத்தில் இளவயதுக் கட்டங்கள் ஏறக்குறைய வெள்ளை.
பிறந்த அன்றே தொடையில் ஊசி வாங்கியவர்கள்.
நானும் அந்த வெள்ளையில் ஒருத்தி,
செய்த புண்ணியம் ஒன்றுமில்லை, பிந்திப் பிறந்தேன்.
சி-யின் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டினால் மை கறுக்கிறது.
ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்கவில்லை.
சுரங்கக்காரனும் மேய்ப்பனும் ஒரே நிறம்.
சிறை கண்டவர் இங்கே ஒருவர்தான், அவருக்கு ஒன்றுமில்லை.
பிறகு ஒரு வரியில் பேனா நின்றது.
ஒன்பது பேரில் ஏழு.
தொழில் வேறு, குடும்பம் வேறு,
ஒருவன் குடிப்பான், மற்றவர் தொடமாட்டார்.
பிறந்த ஆண்டு மட்டும் ஒன்று.
பட்டை கெட்டுவிட்டதோ என்று
புதுப் பெட்டி உடைத்து மறுபடி பார்த்தேன்.
ஏழுதான்.

காலையில் முதல் ஆளாக வந்தாள் செவெக்மித்.
பட்டியலில் உங்கள் பெயர் இல்லையே என்றேன்.
"தெரியும். குத்து."
விரலை நீட்டியபடியே பேசினாள்,
யாரும் கேட்காமல், என் முகத்தைப் பாராமல்.
விடுதிப் பள்ளி. அம்மைத் தடுப்பூசி.
கண்ணாடிச் சிரிஞ்சு ஒன்று, ஊசி மூன்று,
பிள்ளைகள் நாற்பத்தொன்று.
"அன்று சாணம் ஈரம், அடுப்பு பிடிக்கவில்லை.
தண்ணீர் கொதித்தது என்று வைத்துக்கொண்டோம்.
ஒருத்தன்கூட அழவில்லை.
கை லேசு உனக்கு என்று ஹெட்மாஸ்டர் மெச்சினார்."

படிவத்தைப் புரட்டினேன்.
வாங்கியவருக்குத்தான் கட்டங்கள்.
தொழில் என்ற இடத்தில் இதர என்று எழுதி,
பட்டியலில் இல்லாதவளுக்கு எதற்கென்று அடித்துவிட்டேன்.

பதினைந்து நிமிடம் ஆனது.
ஒரு கோடு.
ஒன்றுமில்லை அம்மா, நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்றேன்.
பட்டையை என் கையிலிருந்து வாங்கினாள்.
பனியில் பட்டு வந்த வெளிச்சத்தில்
கண்ணருகே பிடித்து, தூரப் பிடித்து,
சட்டை நுனியால் துடைத்து,
பூரெவ்தோர்ஜ் ஹாரன் அடித்தும்
தேடிக்கொண்டே நின்றாள்
இன்னொரு கோட்டை.